சார்புகள்: பூச்சியம்

பொதியின் நெற்றியில் அப்படித்தான் எழுதியிருந்தது.
யாரையும் நம்பி இல்லை, தனியாளாய் வந்திருக்கிறேன் என்று
மார்தட்டும் ஒரு வரி.
ரேத்தோ அதைப் பார்த்துவிட்டு
பட்டியலில் பச்சை அடையாளம் போட்டு
மீன்பிடிக்க ஏரிக்குப் போய்விட்டான்.

பீல் நகரில் வெள்ளி மாலை.
சன்னலுக்கு எதிரே தெருப்பலகை,
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
ஒரே தெருவை இரண்டு தரம் சொல்கிறார்கள்,
ஒளித்துச் சொல்லவில்லை.

எனக்கோ அந்தப் பூச்சியத்தின் மேல் சந்தேகம்.
தேதி கணக்கிடுகிறது, நிறம் கலக்கிறது,
எட்டு மொழிகளில் பன்மை விகுதி அறிந்திருக்கிறது,
இத்தனையும் ஒரே ஆள் ஒரே கோடையில் எழுதினானாம்.
ஓடப்போவதோ இன்சுலின் பம்பின் திரையில்,
நள்ளிரவில் யாரோ கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்
எண்ணுக்குப் பின்னால்.

திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோபைட், ஒரே வரி.
மூச்சு விட இடமில்லாத வரி.
பெயர்களை எல்லாம் மழித்து
ஏ, பி, டி, மறுபடி ஏ.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்
என்று கேட்டிருக்கிறேன்;
இங்கே பூசணிக்காயையே அரைத்துச்
சோறாக வடித்திருந்தார்கள்.

ஆனால் மழிக்கும் கத்திக்கு ஒரு எல்லை உண்டு.
மாறிகளின் பெயரைச் சிரைக்கலாம்,
மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடக்கூடாது.
அது மனிதர் படிக்க வைத்த சொல்.
ஆகவே மேற்கோள்களை மட்டும் பொறுக்கினேன்,
ரயில் போனபின் நடைமேடையில்
சில்லறை பொறுக்குகிறவளைப் போல.
நேரவலயம் தவறு.
எண் எதிர்பார்க்கப்பட்டது.
தேதி பெறப்படவில்லை.
கடைசியில் கண்டதில், 'பெறு' என்ற ஆங்கில வினைக்குள்
ஐயும் ஈயும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

கை நின்றது.

இந்தப் பிழையை எனக்குத் தெரியும்.
பதினொரு வருடத்துக்கு முன், ஃப்ரைபூர்க்கில்,
மாணவர் விடுதியின் சலவை அறையில்
மடிக்கணினியை முழங்காலில் வைத்து
நான் உலகத்துக்கு அனுப்பிய முதல் திருத்தம் அது.
இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன். அவ்வளவுதான்.
கீல் நகரத்து யுட்டா வெண்ட்லாண்ட் என்பவர்
ஏற்றுக்கொண்டு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
ஈரத் துணியை இயந்திரத்திலேயே மறந்துவிட்டு
மூன்று பேருக்குத் தொலைபேசினேன்.
"எழுத்துப் பிழை திருத்தவா கம்ப்யூட்டர் படிக்கிறாய்?"
என்றாள் சுகிர்தா.

ஆக, இந்தப் பிரதி எனக்கு முந்தியது.
நான் கை வைக்குமுன் யாரோ அள்ளி உள்ளே போட்டு
மேலே பூசி மெழுகியிருக்கிறார்கள்.
பதிப்பு ஒன்று புள்ளி மூன்று, அல்லது அதற்கும் கீழே.
கீழே என்றால்,
பெப்ரவரி இருபத்தொன்பதில் தடுமாறும்
அந்தப் பழைய ஓட்டையும் கூடவே வந்திருக்கும்.
தேடினேன்.
வந்திருந்தது.
அதுவும் ஒரு தரமல்ல.
நிறம் கலக்கும் நூலகத்தின் வயிற்றுக்குள்
அதே தேதி நூலகம், இன்னொரு முறை,
அதே ஐ, அதே ஈ.

அட்டவணையில் மூன்று வரி சேர்த்தேன்.
பெயர், பதிப்பு, உரிமம்.
எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கட்டத்தில்
'எழுத்துப் பிழையால்' என்று எழுதி அழித்தேன்.
'சர ஒப்பீடு' என்று எழுதி
அதையும் அழித்தேன்.
பிறகு முதலாவதையே திரும்ப வைத்தேன்.
பூச்சியத்தின் பக்கத்தில் பச்சையைச் சிவப்பாக்கினேன்.

அந்நேரம் ரேத்தோவிடமிருந்து படம் வந்தது,
கையில் ஒரு பெர்ச் மீன்.
வயிற்றைக் கீறினால் உள்ளே இன்னொரு குட்டி மீனாம்,
முழுசாக, கண் திறந்தபடி.
சிரிக்கும் முகம் வேறு போட்டிருந்தான்.

திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று
விளக்கை அணைத்தேன்.